கடைசி ரீலில் ஒரு சைக்கிள்

சினிமா தியேட்டரில் படத்தின் முடிவைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிற ஒரே ஆள், அந்தப் படத்தை ஓட்டுகிற ஆப்பரேட்டர்தான். நம்ப மாட்டீர்கள். ஆனால் நீங்களும் ஒருவகையில் என் கட்சிதான். சரியாகக் கதாநாயகி கண்ணைத் துடைக்கும்போது முன்சீட்டுக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டுவார், அவர் முதுகைத்தானே நீங்களும் முடிவு என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலும் பட்டாபிராம் பக்கம், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு தியேட்டரில் நான் படம் ஓட்டினேன். அந்த நாட்களில் பட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முடிவு தெரியாதவன்

கேபினுக்குள் இருப்பவனுக்குப் படம் என்பது சுவரில் உள்ள ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை. சத்தம் என்பது மூலையில் தொங்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர். மெஷின் போடுகிற இரைச்சலில் அந்த ஸ்பீக்கர் பேசுவது பாதி காதில் விழாது. கடைசி ரீல் ஓடும்போதுதான் எனக்கு வேலை அதிகம். முந்தின ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டும், திரைக்கு வெளிச்சம் தர எரிகிற கார்பன் குச்சி தீர்ந்துபோகாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அடுத்த காட்சிக்கான விளம்பர சிலைடுகளைத் துடைத்து அடுக்க வேண்டும். கதாநாயகன் குண்டு பட்டு விழும் நேரத்தில் நான் சோப்புத்தூள் விளம்பரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி வசந்தாவுக்குப் படம் என்றால் உயிர். வீட்டுக்குப் போனதும் சாதம் போட்டுக்கொண்டே முடிவைக் கேட்பாள். நான் விழிப்பேன். ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி சொன்னாள்: "ஹீரோ செத்தானா பொழைச்சானான்னுகூட தெரியாம ஊட்டுக்கு வர்றே. உனக்குப் போய் சம்பளம் வேற குடுக்கறாங்க பாரு."

சவுண்டு

மேட்னி முடிகிற நேரமும் திருவள்ளூர் லோக்கல் வருகிற நேரமும் எங்கள் தியேட்டரில் ஏறக்குறைய ஒன்று. அந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் நெமிலிச்சேரி, திருநின்றவூர் ஆட்களெல்லாம் முடிவுக் காட்சி தொடங்கும்போதே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கேட் கீப்பர் கபாலியும் நல்ல மனசுக்காரன். கூட்டம் நெருக்கக் கூடாது என்று முன்கூட்டியே திரைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவான். அது மேற்குப் பார்த்த கதவு. சாயங்கால வெயில் நேராகத் திரைமேல் வந்து விழும். முடிவில் ஹீரோவும் வில்லனும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிவார்கள்.

ஒருமுறை ஒரு படம் வந்தது. அதன் கடைசிக் காட்சியில் செத்துப்போன பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை அப்பா ஆணியில் மாட்டுகிறார். அவ்வளவுதான். பாட்டும் இல்லை, வசனமும் இல்லை, பையை மாட்டுகிற சத்தம்கூட இல்லை. ஜனங்கள் "சவுண்டு! சவுண்டு!" என்று சீட்டைத் தட்டினார்கள். எனக்கும் பதறிவிட்டது. மெஷினில் சவுண்டுக்கென்று ஒரு சின்ன பல்பு உண்டு, அது போனால் சத்தம் வராது. படத்தை நிறுத்தி, ஹாலில் விளக்கைப் போட்டு, பல்பை மாற்றி, ரீலைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே மௌனம். அந்த அப்பா பையை மாட்டுகிறார், நிற்கிறார், படம் முடிந்துபோகிறது.

கீழே இறங்கியபோது படிக்கட்டடியில் ஒருத்தர் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர், காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அந்தாளுக்கு வாயில வார்த்தை வரலப்பா. அதான் சத்தம் இல்ல. அவரு அழுவுற நேரத்துல நீ ஏன்பா லைட்ட போட்டே?"

ஏரிக்கரை

அன்றிலிருந்து புதுப்படம் வந்தால் முதல் காட்சியிலேயே, சிலைடு துடைப்பதை ஒத்திவைத்துவிட்டு, முடிவை ஓட்டையில் கண் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்த ஒரு படத்தைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன். பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு நினைவு வராது. ஓடாத படம். முடிவை மட்டும் கொரட்டூர் ஏரியில் எடுத்திருந்தார்கள்.

கோபித்துக்கொண்டு போன புருஷனுக்காகக் கதாநாயகி தினமும் ஏரிக்கரையில் வந்து நிற்பாள். கடைசிக் காட்சியில் அவள் முதுகுதான் தெரியும். முன்னால் தண்ணீர், காதில் காற்று மட்டும். படம் முழுக்க அவள் புருஷன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவான். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் அதே மாதிரி மணி. சட்டென்று திரும்புவாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுத்து சைக்கிளைக் காட்டுவார்கள். புருஷன் இல்லை. யாரோ ஒரு பையன், நீலச் சட்டை, அவளைப் பார்க்காமலே மிதித்துக்கொண்டு போவான். கரைமேல் ஒற்றைப் பனைமரம் ஒன்று நிற்கும். அதைத் தாண்டிப் போய்ச் சின்னதாகி மறைவான். தூரத்தில் இன்னொரு தடவை மணி. அப்புறம் வெறுங்கரை. 'வணக்கம்'.

மணி 'வந்துட்டான்' என்கிறது, படம் 'இவன் இல்லை' என்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணை நிற்க வைத்துவிட்டார்கள். கேபினை விட்டு இறங்கி வந்தேன். கதவோரம் நின்று படம் பார்த்திருந்த கபாலி கொதித்துக்கொண்டிருந்தான்: "இன்னா அண்ணாத்தே படம் இது? புருசன் வருவான் புருசன் வருவான்னு குந்திகினு இருந்தா, எவனோ ஒரு கஸ்மாலம் பெல்லடிச்சினு போறான்!"

நீலச் சட்டை

இரண்டு நாள் கழித்து மேட்னி முடிந்ததும் கபாலி மேலே ஓடிவந்தான். ஒரு அம்மா அவன் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறாளாம். போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, கையில் டிபன் பை. பேர் ரோஸியம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எதற்குச் சண்டை என்றால், முடிவதற்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டானாம்.

"இன்னாமா, கடைசியில யாரோ சைக்கிள்ல போறான், அத்தப் பாக்காட்டி இன்னா குடி முழுவிடும்?" என்றான் கபாலி. அந்த அம்மா சட்டென்று அடங்கிப்போனாள். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

சைக்கிளில் போவது அவள் மகன் சேவியர். ஒரே பிள்ளை. லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சட்டையோடு கொரட்டூரில் சிநேகிதனைப் பார்க்கப் போயிருக்கிறான். ஏரிக்கரையில் ஷூட்டிங். வேடிக்கை பார்த்தவனைக் கூப்பிட்டு, கேமராவைப் பார்க்காமல் நேராக ஓட்டிக்கொண்டு போ என்றிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "யம்மா, நா படத்துல வர்றேன்" என்று குதித்திருக்கிறான். படம் வெளியாவதற்குள் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதே நீலச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்களாம்.

கபாலி தலையைக் குனிந்துகொண்டான். 'கஸ்மாலம்' என்று அவன் திட்டியது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும், ஆனாலும் அவனால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோஸியம்மா அவனிடம் கோபமே இல்லாமல் சொன்னாள்: "போட்டோ ஒண்ணுதான் கீது நைனா, அது அசையாது. இதுல புள்ள மிதிக்கிறான், சட்டை காத்துல பறக்குது. அவன் வர்ற நேரமா பாத்து நீ கதவத் தொறந்துட்றே, மூஞ்சே தெரியல."

கதவு

மறுநாளிலிருந்து கபாலி கதவைத் திறக்கவில்லை. படம் எங்கள் தியேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று தெரியும். அதற்குள் அந்த அம்மா எத்தனை மேட்னி வர முடியுமோ அத்தனையும் வந்தாள். முன்வரிசை ஓரத்து சீட். முதல் ரீலிலிருந்தே உட்கார்ந்திருப்பாள். புருஷன் பெண்டாட்டி சண்டையையெல்லாம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி ரீல் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். வீட்டுக்கு யாரோ வரப்போகிற மாதிரி.

நான் ஓட்டையில் கண் வைத்துத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். மணி அடிக்கும். கதாநாயகி திரும்புவாள். நீலச் சட்டை தெரிந்ததும் இருக்கிற பத்து இருபது பேரும் 'ச்சே, இவன் இல்லையா' என்று பெருமூச்சு விடுவார்கள். ஒரு சீட்டில் மட்டும் கை மேலே எழும்பிச் சிலுவை போடும். இயக்குநர் 'அவன் வரவில்லை' என்று சொல்வதற்காக எடுத்த காட்சி, அந்த ஒருத்திக்கு மட்டும் 'வந்துவிட்டான்' என்று சொன்னது. அந்தப் பையன் அவளையும் பார்க்காமல்தான் போனான். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கதவு மூடியிருந்ததில் லோக்கல் பிடிக்கிறவர்களுக்குக் கோபம். தினம் ஒரு தகராறு. ஒருநாள் ஒரு ஆள் கபாலியை நெட்டித் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தார். நியாயமாகப் பார்த்தால் கபாலி பதிலுக்குக் கை நீட்டியிருப்பான், அவன் சுபாவம் அப்படி. அன்றைக்கு அந்த ஆளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்: "அந்தப் புள்ள பனமரத்தத் தாண்டிப் போவட்டும் நைனா. அப்பால நீ போ."

பனைமரம்

ஃபிலிமில் எந்த இடம் முதலில் கெடும் தெரியுமா? ரீலின் தலையும் வாலும். மாட்டும்போது, கழற்றும்போது, தரையில் இழுபடும்போதெல்லாம் அடிபடுவது அவைதான். கிழிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டுவது எல்லா ஆப்பரேட்டரும் செய்கிற வேலை. பூந்தமல்லியில் கொஞ்சம், கும்மிடிப்பூண்டியில் கொஞ்சம், ஏதோ ஒரு டென்ட் கொட்டகையில் கொஞ்சம் என்று ஒரு படம் ஊர் சுற்றி வருவதற்குள் அதன் முடிவு தேய்ந்துபோகும். பெரிய படத்துக்குப் புதுப் பிரிண்ட் போடுவார்கள். ஓடாத படத்துக்கு யார் போடுவார்கள்?

சில வருஷம் கழித்து, வேறு படம் கிடைக்காத ஒரு வாரத்தில், அந்த ஏரிக்கரைப் படத்தின் பெட்டி மறுபடி எங்களிடம் வந்தது. போஸ்டர் ஒட்டிய அன்றே ரோஸியம்மா வந்துவிட்டாள். தலை பாதி நரைத்திருந்தது. படம் முடிந்ததும் கேபின் படிக்கட்டில் ஏறி வந்து, வாசலில் நின்றாள். முகத்தில் குழப்பம். நான்தான் ஏதோ தவறாக ஓட்டிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். ரீல் வால் கிழிவதைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மணி மட்டும் முன்னைப்போலவே இருக்கிறது, அது சேவியர் சைக்கிள் மணிதான், அவனே எண்ணெய் போட்டு வைத்திருந்தான் என்றாள். அந்தச் சத்தமெல்லாம் பிற்பாடு ரெக்கார்டிங் தியேட்டரில் யாரோ ஒருத்தர் மைக் முன்னால் மணியை அடித்துச் சேர்ப்பது. எனக்குத் தெரியும். ஆமாம்மா, அவன் மணிதான் என்று சொன்னேன்.

படப்பெட்டியோடு விநியோகஸ்தர் சார்பில் வந்திருந்த ரெப்பிடம், நல்ல பிரிண்ட் வேறு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். இதுவே எடைக்குப் போகிற சரக்கு, அடுத்த தடவை பெட்டி வந்தாலே பெரிசு என்றான். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. அவளோ படியிறங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "முன்னெல்லாம் பனமரத்தத் தாண்டிப் போவான் தம்பி. இப்ப மரத்தாண்ட வர்றதுக்குள்ள காணாப் பூட்றான்."

பெல்

பெட்டி இன்னொரு முறை வந்தது. அதற்குள் வீடுகளில் கேபிள் டிவி வந்துவிட்டது. மேட்னிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபேனுக்கு அடியில் தூங்குவதற்காக வந்தவர்கள். காலையில் மேஜையில் வைத்துக் கடைசி ரீலைச் சுற்றிப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. கதாநாயகி முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்கிறாள். அதோடு ஃபிலிம் முடிந்துவிட்டது. அவள் திரும்புவது இல்லை. சைக்கிள் இல்லை. நீலச் சட்டை ஒரு துண்டுகூட இல்லை.

கபாலியிடம் சொன்னேன். "ரோஸியம்மா வந்தா இன்னா அண்ணாத்தே சொல்றது?" என்றான். வராமல் இருந்தால் தேவலை என்று இரண்டு பேரும் நினைத்தோம். வந்தாள். இப்போது கையில் கம்பு. வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். கபாலி அவளைக் கைப்பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்தான். என்னைச் சொல்லச் சொன்னான், நான் அவனைச் சொல்லச் சொன்னேன், இரண்டு பேரும் சொல்லவில்லை. பழக்கம் மாறாமல் திரைப்பக்கத்துக் கதவையும், பின்கதவையும் மட்டும் சாத்தித் தாழ் போட்டான்.

கடைசி ரீல் ஓடியது. அவள் தலைப்பைச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் ஏரி, காற்று, அந்த முதுகு. சட்டென்று ஃபிலிமின் வால் நழுவித் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த நொடியில் கை தானாகப் போய் விளக்கை மூடிச் சவுண்டைக் குறைத்துவிடும், எந்த ஆப்பரேட்டருக்கும். அன்றைக்கு என் கை எழும்பவில்லை.

ஃபிலிமில் படமும் அதற்கான சத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. சத்தம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னாலேயே பதிந்திருக்கும், மெஷினில் படத்துக்கான இடமும் சவுண்டுக்கான இடமும் தள்ளித் தள்ளி இருப்பதால் அப்படி. அதனால் படத்தை வெட்டி எறிந்தாலும், அதன் சத்தம் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மிச்சம் இருக்கும். வருஷக்கணக்காகத் தெரிந்த சங்கதி. அதனால் ஒருத்தருக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்ததே இல்லை.

வெள்ளைத் திரையில் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. முக்கால்வாசி காலியான ஹாலில் அந்தச் சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பியது. படத்தில் திரும்ப வேண்டியவள் இல்லை. முன்வரிசையில் ரோஸியம்மா சட்டென்று திரும்பினாள். என் கண்ணாடி ஓட்டைக்கு நேராக, வெள்ளைத் திரையின் வெளிச்சத்தில், அந்த முகத்தை நான் பார்த்தேன். கதாநாயகி முகத்தில் பார்த்த வெளிச்சமெல்லாம் நடிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். நான் கீழே வருவதற்குள் அவள் கம்பை ஊன்றிக்கொண்டு பின்கதவுக்கு வந்துவிட்டாள். தூங்கியவர்கள் எழுந்து வரும் வரை காத்திருக்கவில்லை. கபாலி கதவுக்குக் குறுக்கே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அழவில்லை. சமையல்கட்டில் வேலையாக இருக்கும்போது வாசலில் ஆள் வந்தால் பெண்கள் பரபரப்பார்களே, அந்தப் பரபரப்போடு அவனை அதட்டினாள்: "இன்னாப்பா, புள்ள வெளிய பெல்லடிச்சினு நிக்கறான், கதவ ஏன் சாத்தி வச்சிகீற? தொற!"

கபாலி திறந்தான்.

வருஷக்கணக்காக முடிவைப் பார்க்காமல் படம் ஓட்டி, அப்புறமும் கண்ணாடி ஓட்டை வழியாகவே பார்த்தவனுக்கு முழுசாகப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு முடிவுதான், அந்த நேரம் பார்த்துத் திரையில் படம் இல்லை.